கார் நிற்கும் கட்டத்தில் மாடக்கண்ணு

கோவில்பட்டியில் என் செருப்புக் கடைக்கு எதிரேதான் பூவனலிங்கத்தின் கார் நிறுத்துமிடம். பல வருஷம் அதைக் கட்டி மேய்த்தவர் மாடக்கண்ணு. பஸ் ஜன்னலில் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிற ஊர் இது. தெரிந்தவர்கள் போன் பண்ணினால் மாடக்கண்ணு தன் துண்டைக் கார் நிற்க கோடு போட்ட ஒரு கட்டத்தில் விரித்துவிடுவார். அதன்மேல் எவனும் வண்டி ஏற்ற மாட்டான்.

பிறகு ஆப் வந்தது. கட்டத்துக்குக் கட்டம் முழங்கால் உயரக் கம்பத்தில் ஒரு சென்சார். எதிரே ஏதாவது நின்றால் போனில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. பச்சையைத் தொட்டவனுக்கு இடம். மாடக்கண்ணுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மருமகள் போடுகிற சோறு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. தினமும் என் கடை வாசலில் வந்து நிற்பார்.

ஆனால் நம் பெரிய மனுஷர்கள் ஆப்பைத் தொடுவார்களா? தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி சுந்தரபாண்டியன், தான் வரும்போது இடம் இருந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பழையபடி துண்டு விரித்துப் பார்த்தார்கள்; தரையில் கிடந்ததைச் சென்சார் மதிக்கவில்லை. பூவனலிங்கம் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"வே, நாற்காலியப் போட்டு அங்கன உக்காந்திரும். மொதலாளி கார் வந்தா எந்திரிச்சிக்கிடும். அம்புட்டுதான்."

மாடக்கண்ணுவுக்கு முகமெல்லாம் பல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மனுசன காரா ஆக்கிட்டானுவளே, உமக்கு ரோசமே வரலியா?"

"சும்மா திங்குததுக்கு இது மேலு அண்ணாச்சி."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் குடிக்கக்கூட நகர மாட்டார். எழுந்தால் பச்சையாகிவிடும், எவனாவது இடத்தைப் பிடித்துக்கொள்வான், வேலை போய்விடும் என்று பயம். நான்தான் செம்பில் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் சுந்தரபாண்டியனின் கார் வந்தது. மாடக்கண்ணு தலை தொங்க உட்கார்ந்திருந்தார். டிரைவர் ஹாரன் அடித்தான். மறுபடியும் அடித்தான்.

"ஏலே கெழவா, எந்திரி!"

நான் ஓடிப்போய்த் தொட்டேன். உடம்பு சுட்டது. உயிர் இல்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகு பூவனலிங்கம் போனைப் பார்த்தார். "இன்னும் செவப்பாத்தான இருக்கு" என்றார்.

கட்டத்தில் காலி நாற்காலி நின்றது. சென்சாருக்கு அதுவே போதுமாக இருந்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே. அந்த மனுஷன் என் கடை நிழலிலேயே உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது நாற்காலியை மட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். நாசமாய்ப் போக.