இரண்டு ரூபாய் பாக்கி

மாதம் பிறந்தால் எனக்குக் கால் வலி வந்துவிடும். ஆலங்காயம் போய் பேங்கில் தவணை கட்ட வேண்டுமே என்கிற நினைப்பிலேயே வந்துவிடும். எண்பதுகளின் தொடக்கம் அது. நெல்லிவாசல்நாட்டில், மலைமேல் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து இறங்க ஜீப் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் நடைதான். இறங்குவதாவது பரவாயில்லை. கையில் ஒன்றுமில்லாமல் திரும்ப ஏறுகிறோமே, அதுதான் ஆளைக் கொல்லும்.

ஆடு வாங்கக் கொடுத்த சின்னக் கடன் அது. உண்மையில் ஆடு யாருக்கு வேண்டும்? எங்களுக்கு வேண்டியது கிணறு. கிணறு இருந்தால் சாமை அறுத்த பிறகும் நிலத்தில் வேலை இருக்கும். என் வீட்டுக்காரர் குடகுக்குக் காப்பி பறிக்கப் போக வேண்டியதில்லை. கார்த்திகையில் மேஸ்திரி வந்து முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டிப் போவான். பனியில் நின்று பறித்துவிட்டு இருமலோடு திரும்புவார்கள். இவருக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை. இன்னும் நாலு கார்த்திகை போனால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரியும், சொல்ல மாட்டார்.

பேங்க் மேனேஜர் முதலிலேயே சொல்லிவிட்டார். "எடுத்த உடனே கிணத்துக்குப் பணம் தர முடியாதும்மா. சின்னதா வாங்கித் தவணை தவறாம கட்டுங்க. உங்க பேர்ல ஒரு நம்பிக்கை வரட்டும். அப்புறம் நானே எழுதி அனுப்பறேன்."

அந்த நம்பிக்கையை உண்டாக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! மலையில் பணம் மாதாமாதமா வருகிறது? சாமை அறுத்தால் வரும், புளி உலுக்கினால் வரும். நடுவில் கடுக்காய் பொறுக்கினேன், கோழி விற்றேன், ஒரு தடவை கடனில் வாங்கிய ஆட்டையே விற்றுத் தவணை கட்டினேன். ஆட்டை விற்று ஆட்டுக்கடன் கட்டிய மகராசி ஊரில் நான் ஒருத்திதான் என்று கொழுந்தன் பெண்டாட்டி கேலி செய்தாள். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். சண்டை போடத் தெம்பு இல்லை.

ஆலங்காயத்தில் எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. புளி மண்டிக்காரரிடம், என் மாமனார் காலத்திலிருந்து. காய் மரத்தில் இருக்கும்போதே பணம் கொடுப்பார், புளி இறங்கியதும் கழித்துக்கொள்வார். எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் அந்தக் கணக்கை எங்கள் ஆட்கள் முழுசாகத் தீர்க்க மாட்டார்கள். ஒரு ரூபாயாவது, எட்டணாவாவது நிறுத்தி வைப்பார்கள். முழுசாகத் தீர்த்தால், இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று அர்த்தம். சண்டை போட்டவன்தான் கடைசிக் காசு வரைக்கும் எண்ணி வீசிவிட்டுப் போவான். மிச்சம் வைப்பது மரியாதை. மண்டிக்காரரும் அதைக் கேட்க மாட்டார்.

கடைசித் தவணையின்போது எனக்குக் குளிர்காய்ச்சல். எழுந்து உட்காரவே முடியவில்லை. பணத்தை முடிந்து இவரிடம் கொடுத்து அனுப்பினேன். பொழுது சாயத் திரும்பி வந்தார்.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேம்மே. நல்லபடியா பேசினாங்க."

அவ்வளவுதான் கேட்டேன். கேட்டவரைக்கும் நிம்மதி.

மறு வருசம் மழை நின்றதும், ரெண்டு பேருமாகக் கிணற்றுக் கடன் கேட்கப் போனோம். இவர் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டார். மேனேஜர் கணக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி கணக்கைப் பார்த்தார்.

"உங்க கடன் முடியலையேம்மா. கடைசித் தவணையில ரெண்டு ரூபா நிக்குது. வருசமாகப் போகுது. தவணை தவறினவங்க வரிசையில பேரு போயிருச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போது கவுன்ட்டரில் பணம் வாங்குகிறவர் சொன்னார். "அன்னிக்கே சொன்னேங்க, ரெண்டு ரூபா கொறையுதுன்னு. இவருதான் சிரிச்சிக்கினே, 'அது இருக்கட்டும் சார்'னு சொல்லிட்டுப் போனாரு. அப்பால கொண்டாந்து தருவாருன்னு நெனச்சேன்."

நான் திரும்பி இவரைப் பார்த்தேன். தப்பு செய்த முகமே இல்லை. நல்லதுதானே செய்தோம், இதற்கு ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்று நின்றார். அடுத்துக் கிணற்றுக்கு அவர்களிடமே வரப்போகிறோமே, கணக்கை அறுத்துக்கொண்டா வருவது என்று மரியாதைக்காக வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"ரெண்டு ரூபாய்க்கா சார்?" என்றேன்.

"ரெண்டோ ரெண்டாயிரமோ, பாக்கி பாக்கிதாம்மா. நான் எழுதி அனுப்பினாலும் மேலே தள்ளிடுவாங்க. இதைக் கட்டிடுங்க. இன்னொரு சின்னக் கடன் வாங்கி, சுத்தமா முடிங்க. அப்புறம் பார்ப்போம்."

யானை நுழைந்துவிட்டது, வால் மாட்டிக்கொண்டது. ரெண்டு ரூபாயையும் வட்டிச் சில்லறையையும் வைத்துவிட்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஊரே பார்க்க அவரைத் திட்டினேன்.

"இன்னா மனுசன்யா நீ? பேங்குக்காரன் உனக்கு மாமனா மச்சானா, மிச்சம் வெச்சிட்டு வர்றதுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கடைசியில், "மொத்தமா தீத்துட்டா அப்பறம் எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது?" என்றார். நான் அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். களைப்புதான் வந்தது.

கார்த்திகையில் குடகுக்குப் போனார். மறு கார்த்திகையும் போனார். அதற்கடுத்ததும் போனார். நான் இன்னொரு சின்னக் கடன் வாங்கி, மறுபடியும் மாதாமாதம் மலை இறங்கி ஏறினேன். கடைசிக் காசு வரை எண்ணி வைத்து, "முடிஞ்சிச்சா? நல்லா பாத்து சொல்லுங்க" என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் கிணற்றுக் கடனுக்கு எழுதினார். "உங்க பேரு ரொம்ப சுத்தமா இருக்கும்மா" என்றார்.

கிணறு வெட்டினோம். தண்ணீர் வந்தது. இவர் கரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே பார்த்தார். ஒரு போகம் கேழ்வரகுக்குத் தண்ணீர் பாய்ச்சினார், அதுவும் நின்று நின்றுதான். அடுத்த நாற்று விடுவதற்குள் நெஞ்சு அடைத்துப் போய்விட்டார். நான் வாங்கிய நல்ல பேர், அவர் இருக்கும்போது வந்து சேரவில்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்து, அந்த வருசப் புளியை மண்டிக்குக் கொண்டு போனேன். மண்டிக்காரர் எழுந்து வந்து துக்கம் விசாரித்தார். புளியை எடை போட்டார், கொடுத்த பணத்தைக் கழித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவரு பேர்ல ஒரு ரூபா நிக்குதும்மா. போன தபா வெச்சிட்டுப் போனாரு. அதை அடிச்சிட்டு, கணக்கை உன் பேர்ல புதுசா எழுதிக்கட்டுமா?"

மடியில் பணம் இருந்தது. கையும் முடிச்சுக்குப் போய்விட்டது, பழக்கம்.

"வேணாங்க," என்றேன். "அது இருக்கட்டும்."

அவர் கணக்கு நோட்டை அப்படியே மூடினார். அடுத்தவர் மூட்டையைத் தராசில் ஏற்றச் சொன்னார். நான் ஜீப் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.