உங்கள் ஆட்கள் வரும் படம்

அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை மலேசியாவின் சுங்காய் டவுன் கொட்டகையில், தீபாவளிக்கு மறுநாள், மாமாவோடு. எழுபதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. கப்பல் கவிழ்ந்து ஏதோ ஒரு காட்டில் கரையேறும் கோமாளியின் கதை. உடம்பெல்லாம் கரி பூசி, மூக்கில் எலும்பு செருகி, ஈட்டியோடு குதிக்கும் ஒரு கூட்டம் அவரைப் பிடித்துக் கட்டிவைக்கும். தலைவனின் மகள் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கோமாளி, இதற்கு என்னை அண்டாவில் போட்டு வேகவைத்துவிடுங்கள் என்று கெஞ்சுவார். நான் சிரித்த சிரிப்பில் குடித்த ஆரஞ்சுத் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பியதும் வசனம் ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துப் பிள்ளைகள் என்னைச் சுற்றியே கிடந்தார்கள். ஆனால் எனக்குத் தலைகால் புரியாமல் போனதற்குக் காரணம் வேறு. என் தோழியின் ஆட்கள் சினிமாவில் வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அவள் எங்கள் தோட்டத்துக்கு மேலே மலையோரத்தில் இருந்த பூர்வகுடிக் குடியிருப்பைச் சேர்ந்தவள். அப்போது நாங்கள் பூர்வகுடி என்றெல்லாம் சொல்லமாட்டோம், சக்காய் என்போம். அது வசைச் சொல் என்று எனக்குத் தெரிய வெகுநாள் ஆனது. வாரம் ஒருமுறை அவள் அப்பா பெத்தாய்க் காயும் பிரம்பும் சுமந்து லயத்துக்கு வருவார். அவர் வீடு வீடாகப் போய் விற்று முடிக்கும்வரை நாங்கள் இருவரும் ஓடையில் கிடப்போம். கல்லுக்கு அடியில் கைவிட்டு இறால் பிடிக்க அவள்தான் கற்றுக்கொடுத்தாள். எங்களுக்குள் அரைகுறை மலாய்தான். பள்ளியில் எல்லாரும் கேலி செய்த என் மலாயை அவள் ஒரு நாளும் கேலி செய்ததில்லை.

சில மாதம் கழித்து அதே படம் எங்கள் தோட்டத்துக்கு வந்தது. நிர்வாகம் திடலில் திரை கட்டிப் படம் போடும். திரைக்கு முன்னால் லயத்து ஜனங்கள் பாய் விரிப்பார்கள். வெளியாட்கள் பின்பக்கம் உட்கார்ந்து, இடவலம் மாறிய படத்தைப் பார்ப்பார்கள். செய்தி தெரிந்ததும் நான் அவளிடம், உங்கள் ஆட்கள் வரும் படம், வீட்டில் எல்லாரையும் கூட்டி வா என்று சொன்னேன். பரிசு கொடுப்பதாகத்தான் நினைத்தேன், சத்தியமாக.

பொழுது சாயும்போது குடும்பமே இறங்கி வந்தது. அவள் அப்பா துவைத்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். அம்மா காதோரம் பூ வைத்திருந்தார். வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் போகப் பார்த்தார்கள். நான் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து, எங்கள் பாயில், எல்லாருக்கும் முன்னால் உட்காரவைத்தேன்.

கரி பூசிய கூட்டம் திரையில் குதித்ததும் திடலே உருண்டு புரண்டு சிரித்தது. அவள் என் பக்கம் திரும்பி மெதுவாக மலாயில் கேட்டாள். "அது நாங்களா?"

"ஆமா, நீங்கதான்" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அதற்குள் ஆட்கள் திரையை விட்டுவிட்டு எங்கள் பாயைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருவர் மட்டும் எழுந்து நின்று அவள் அப்பாவைப் பார்த்து, எழுந்திரு, நீயும் ஒரு ஆட்டம் போடு என்று மலாயில் கத்தினார். அவர் என் அப்பா. தோழியின் அப்பாவுக்குத் தமிழ் வசனம் ஒன்றும் புரிந்திருக்காது. விருந்துக்கு வந்த வீட்டில் கேட்டதை மறுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே எழுந்தார். இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். திடல் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். அவள் தன் அப்பாவைப் பார்க்கவில்லை. என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது பாயில் அவர்கள் இருந்த பக்கம் காலியாக இருந்தது. அதன் பிறகு அவர்கள் எங்கள் லயத்துக்கு வரவேயில்லை. அடுத்த தோட்டத்தில் விற்பதாகக் கேள்விப்பட்டேன். ஓசியில் படம் பார்த்துவிட்டு என்ன திமிர் என்று அம்மாவிடம் பொருமினேன். ஆனாலும் பள்ளி விட்டதும் ஓடைக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். பல வாரம் அப்படிப் போனேன்.

எண்பதுகளில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் எண்ணெய்க்கான செம்பனை நட்டார்கள். வேலை போய் நாங்கள் ஈப்போ நகரத்துக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு கிடங்கில் காவல் வேலை, எனக்குத் தையல் தொழிற்சாலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோ கடையில் அந்தப் படத்தின் கேசட்டைப் பார்த்ததும் ஆசையாக எடுத்து வந்தேன். அப்பாவும் நானும் உட்கார்ந்தோம்.

அந்தக் கூட்டம் வந்தது. கரி அவர்களுடைய மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. காது மடலுக்குப் பின்னால் பூச மறந்திருந்தார்கள். கரிக்கு அடியில் இருந்தது எங்கள் நிறம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா இருமலுக்கு நடுவே சிரித்தார். "அன்னிக்கு அந்தச் சக்காய் ஆடுனானே, ஞாபகம் இருக்கா? படத்தைவிட அதான் லா தமாசு."

நான் டிவியை அணைத்தேன். "லோரிக்காரன் உங்கள கெலிங்னு கூப்பிட்டப்ப ரெண்டு நாள் சோறு திங்கலியே, அப்பா. அது தமாசு இல்லியா?" தமிழரை இழிவுபடுத்தும் வசைச் சொல் கெலிங்.

அவர் அணைந்த டிவியைப் பார்த்தபடி, "அது வேற லா" என்றார். அவர் மேல் வந்த கோபம் அவ்வளவும் என் மேல்தான் வந்திருக்க வேண்டும். அப்பா ஆடத்தான் சொன்னார். அழைத்து வந்தது நான்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சுங்காய் போனேன். காலைச் சந்தையில் சாக்கு விரித்துப் பெத்தாய் விற்றுக்கொண்டிருந்தவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவளேதான். பக்கத்தில் நான்கு வயது மகள். பழையபடி மலாயில் என் அம்மாவை விசாரித்தாள். தன் அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றாள். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இனி இவளிடம்தான் கேட்க வேண்டும். "அன்னிக்கு அந்தப் படம்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சட்டென்று மகளைப் பார்த்தாள். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "இவளுக்கு முன்னால அதைப் பேசாத. இவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. பள்ளிக்கூடம் போனாத் தானாவே தெரிஞ்சிக்குவா" என்றாள்.

ஒரு கட்டுப் பெத்தாயை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, வந்து நின்ற அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தச் சிறுமி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் அம்மாவின் தோழி என்று நினைத்திருப்பாள்.