வீடு யாருடையது என்ற கேள்வி

கம்பார் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு வேலைகளுக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நாள்களில், எங்கள் சட்டமன்றத் தொகுதியின் சேவை மையத்தில் நான்கு மாத ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்தது. தொகுதியின் கிராமப்புறப் பகுதிக்கு ஒரு விவரக்குறிப்பு தயாரிக்க வேண்டும். எத்தனை வீடுகள், எத்தனை பேர், என்ன வயது, என்ன இனம், என்ன வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளி, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, வீட்டின் நிலை என்ன என்று நான்கு பக்கப் பாரம். எனக்குத் தமிழும் மலாயும் சரளமாக வரும், கண்டனீஸ் சீனமொழி கொஞ்சம் புரியும், மோட்டார் சைக்கிள் இருந்தது. என்னை எடுத்துக்கொள்ள அதுவே போதுமாக இருந்தது.

செமோர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் பாதைகளில் கம்பம் எனப்படும் மலாய்க் கிராமங்கள் இரண்டு, ஒரு சீனப் புதுக்கிராமம், முன்பு ரப்பர்த் தோட்டங்களாக இருந்த மூன்று இடங்கள். மூன்றாவது இடம் நான் பிறந்து வளர்ந்த தோட்டம். அதைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். தெரிந்த வீடுகள்தானே, எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்று நினைப்பு.

கம்பத்தில் முதல் நாள் பாதிப் பொழுது என்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலேயே போனது. யார் மகன், எங்கே படித்தாய், கல்யாணம் ஆகிவிட்டதா? அதன்பிறகுதான் பாரம். புதுக்கிராமத்தில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் மீன் வளர்ப்பவர்கள், பேசிக்கொண்டே வலையைத் தைத்தார்கள். வருமானத்தைக் கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காது கேட்காமல் போனது.

எந்த வீட்டிலும் சிக்கலான கேள்வி, இங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பது. ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா எட்டு பேர் என்றார். வீட்டில் நான்கு கட்டில்கூட இல்லை. விசாரித்தால், இரண்டு மகன்கள் சிங்கப்பூரில், ஒரு மகள் ஈப்போவில் வாடகை அறையில், மருமகன் லோரியில்.

"அவங்க இங்க இல்லையே அக்கா" என்றேன்.

"துணியெல்லாம் இங்கதானே இருக்கு? ஐசியில அட்ரசும் இதானே? ஓட்டுப் போட இங்கதானே வாரானுங்க?"

அடையாள அட்டைப்படியும் வாக்காளர் பட்டியல்படியும் அவர் சொன்னது சரி. அந்தத் தெருவில் பகலில் நடந்துபோனால் எதிர்ப்படுவது வயதானவர்களும் கைக்குழந்தைகளும்தான். மற்றவர்களை விடியும்போதே ஜெலாப்பாங் தொழிற்சாலைப் பேருந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. செம்பனையில் வேலை செய்ய நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். அவர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லை, ஆனால் தோட்டத்துக் கடையில் வியாபாரமே அவர்களால்தான். இதையெல்லாம் அட்டவணையில் போட முடியாது. பின்குறிப்பாக எழுதி வைத்தேன்.

எங்கள் தோட்டத்தில் முப்பது சொச்சம் வீடுகள். ஒரு சனிக்கிழமையும் மறுநாள் காலையும் போதுமாக இருந்தன. பல வீடுகளில் உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றே எழுதினேன். பதினான்காவது கேள்வி வீட்டின் நிலை. சொந்தம், வாடகை, மற்றவை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவதற்குப் பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு கோடு.

"சொந்தமா, வாடகையா?" என்று நான்கு வீடு தள்ளியிருக்கும் லோரி ஓட்டும் அண்ணனிடம் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டார்.

"வாடகையா? யாருக்குலா வாடகை குடுக்குறோம்? இந்தக் கூடத்துக்கு மணல் ஏத்தியாந்தது யாரு, உங்கப்பாவும் நானும்தானே?"

உண்மைதான். லயத்து வீடு என்று அன்று தோட்டக் கம்பெனி கட்டிக் கொடுத்தது ஓர் அறையும் ஓர் அடுப்படியும். இன்று அவை வீடுகளுக்குப் பின்பக்கம் எங்கோ ஒளிந்து கிடக்கின்றன. முன்னால் கூடம், தளக்கல், இரும்புக் கதவு, மோட்டார் நிறுத்தக் கூரை எல்லாம் அந்தந்த வீட்டார் போட்டவை. எங்கள் கூடத்தை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களை வைத்துக் கட்டினார். அந்தச் சுவரில் சாய்ந்துதான் நான் இடைநிலைப்பள்ளிப் பாடங்களைப் படித்தேன். மின்சாரக் கட்டணம் அப்பா பெயரில் வருகிறது. தோட்டம் மூடப்பட்ட பிறகு யாரும் எங்களிடம் வாடகை கேட்டதில்லை. ஆகவே எல்லா வீட்டுக்கும் 'சொந்தம்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். எங்கள் வீட்டுக்கும்தான். அப்பாவிடம் கேட்கக்கூட இல்லை.

இரண்டு வாரம் கழித்து, மேலே அனுப்பிய வரைவு அச்சாகித் திரும்பி வந்தது. வீடமைப்பு என்ற பகுதியில் எங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு, மலிவுவிலை வீட்டுக்கான தேவை இல்லை. நான் போட்ட கோடுகளிலிருந்து வந்த வரி அது. அதை இரண்டாம் முறை வாசித்தபோதுதான், நிலம் யாருடையது என்று ஒரு வீட்டில்கூட நான் கேட்கவில்லை என்பது உறைத்தது. நிலம் தோட்டக் கம்பெனியிடமிருந்து வீடு கட்டும் நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறிப் பல வருடமாகிறது. எந்தக் குடும்பத்திடமும் கிராண்ட், அதாவது நிலப்பட்டா, கிடையாது. அந்த நிறுவனம் நாளைக்கே மண்வாரி இயந்திரத்தை அனுப்பினால், எங்களுக்கு மாற்று வீடு கேட்க இருப்பது, இந்த விவரக்குறிப்பை வைத்துத் தயாராகும் மலிவுவிலை வீட்டு மனுப் பட்டியல் ஒன்றுதான். அதிலிருந்து எங்கள் எல்லோரையும் நானே நீக்கியிருந்தேன்.

மையத்தில் எனக்கு மேலே இருந்த அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"நீ அந்தத் தோட்டத்து ஆளுதானே தம்பி? வெளியூர்க்காரன் எழுதியிருந்தா கேட்டிருப்பான்லா, கிராண்ட் எங்கன்னு."

"கேக்கணும்னே தோணலக்கா."

அவர் திட்டவில்லை. வரைவைப் புரட்டினார். "மாத்தலாம். ஆனா நீயா மாத்த முடியாது. வீட்டுக்கு வீடு புதுப் பாரம், குடும்பத் தலைவர் கையெழுத்து. வெள்ளிக்கெழம சாயங்காலம் நான் மேல அனுப்பணும். கையெழுத்து இல்லாத வீடு சொந்தம்னே நிக்கும், பட்டியல்ல வராது."

அன்று செவ்வாய்க்கிழமை.

லோரி அண்ணனிடம்தான் முதலில் போனேன். சொந்தம் இல்லை என்று எழுதவேண்டும் என்றதும் பாரத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"போன தடவ சொந்தம்னு எழுதுன. இப்ப இல்லங்கற. அடுத்த வாரம் வந்து, அண்ணே, அண்ணி உங்களுக்குச் சொந்தமில்லன்னு எழுதிருவியா?"

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "எழுதச் சொல்லுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

அவர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். எதிர்வீட்டு அக்கா ஜெலாப்பாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். மாதா படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து, நின்றுகொண்டே போட்டார். போட்ட பிறகு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "டைல்ஸ் போட்டு ரெண்டு வருசங்கூட ஆகல" என்றார். பிறகு, "அடுக்குமாடி குடுத்தா கோழிய எங்க வைக்கிறது?" என்று கேட்டார். அதையும் பின்குறிப்பில் எழுதினேன்.

புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டைத் தவிர எல்லாம் முடிந்தன.

அப்பா ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, வாசல் காவல்காரர். வியாழக்கிழமை பிற்பகல் வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். பாரத்தை நீட்டினேன். விஷயம் ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது.

"நான் போடல" என்றார்.

"ப்பா, போடலன்னா நம்ம வீடு மட்டும் பட்டியல்ல இருக்காது."

"இல்லாம போவட்டும். நான் கட்டுன வீட்ட எனக்குச் சொந்தமில்லன்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

அடுப்படியிலிருந்து அம்மா, "வீட்டுல மொதல்ல படிச்சவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சேன். ஒரு கேள்வி ஒழுங்கா கேக்கத் தெரியல" என்றார். என்னைத்தான் சொன்னார்.

அப்பா மற்ற சப்பாத்தை எடுத்தார். "தோட்டத்த மூடுறப்பயும் ஒரு பாரந்தான் குடுத்தாங்க. இங்கிலீசு. காசு வாங்கணும்னா கையெழுத்துப் போடுன்னு ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி சொன்னாரு, வரிசையில நின்னு போட்டோம். கேக்கறப்ப வீட்டக் காலி பண்ணிக் குடுத்துர்றோம்னு அதுல எழுதியிருந்துச்சாம். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். இப்ப நீ ஒன்னு கொண்டாந்திருக்க. நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் இதத் தூக்கிக் காட்டி, பாரு, நீயே சொல்லிட்ட, எடத்த விடுன்னா?"

காட்டமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அது தெரியாது. மையத்து அக்காவுக்கும் தெரியாது. பட்டியலில் இருந்தால் வீடு கிடைக்கும் என்றுகூட யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பட்டியலில் இல்லாவிட்டால் கிடைக்காது என்பது மட்டும்தான் நிச்சயம். அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன்.

அவர் துணியை மடித்து வைத்தார். "சரி, அதுல என்ன போட்டிருக்கு, வாசி."

மலாயில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். சொந்தம், வாடகை, மற்றவை. மற்ற வீடுகளுக்கு மையத்து அக்கா சொல்லிக் கொடுத்தபடி, 'மற்றவை' கட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் 'சொந்தமில்லை' என்று ஒரே சொல் எழுதியிருந்தேன்.

"அந்தக் கோட்டுல எவ்வளவு எழுதலாம்?"

"ஒரு வரிப்பா. நெருக்கி எழுதுனா ரெண்டு."

"அப்ப எழுது. வீடு நான் கட்டுனது. நெலம் கம்பெனியோடது. ரெண்டும் இருக்கணும். ஒன்ன விட்டுட்டு ஒன்ன எழுதாத."

மலாயில் பொடியெழுத்தில் எழுதினேன். அதற்குக் கீழே தமிழிலும் எழுதச் சொன்னார். அவர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பத்திரிகையை விரல் வைத்து வாசிப்பார். அதேபோல் வாசித்தார். 'கம்பெனி' என்ற இடத்தில் ஒருமுறை நின்று, மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்ற வீடுகளுக்கும், வீடு அவர்கள் கட்டியது என்ற பாதியைச் சேர்த்திருக்க வேண்டும் என்று பட்டது. வெள்ளிக்கிழமை காலையில் பாரங்களோடு மையத்துக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். அவர் அப்பாவின் பாரத்தை வாங்கி இரண்டு வரிகளையும் வாசித்தார்.

"இத மொதல்லயே யோசிச்சிருக்கணும் தம்பி. மத்த வீட்டுக்கெல்லாம் கையெழுத்து வாங்கியாச்சு. அதுக்கப்புறம் நீ ஒரு எழுத்து சேத்தாலும் தப்பு. திரும்பப் போக இன்னிக்கு நேரமில்ல. எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க."

"எங்க வீடு பட்டியல்ல வருமாக்கா?"

அவர் மேல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். நிலம் அவர்களுடையது இல்லை என்று எழுத்தில் இருந்தால் வரும் என்றார்கள். தமிழ் வரியைக் கணினியில் ஏற்ற முடியாது, பாரத்தோடு கோப்பில் இருக்கும் என்றும் சொன்னார்கள்.

திருத்திய விவரக்குறிப்பு அடுத்த மாதம் வந்தது. எங்கள் தோட்டத்துக்கான பக்கத்தில் வீட்டுத் தேவை உண்டு என்று இருந்தது. வீட்டுநிலை அட்டவணையில் கணினியில் ஏற்றியவர், 'சொந்தமில்லை' என்று எழுதிய வீடுகளையெல்லாம் ஒரு வரிசையில் போட்டிருந்தார். எங்கள் வீட்டை எதிலும் சேர்க்கத் தெரியாமல், அடியில் 'மற்றவை' என்று தனி வரிசை போட்டு ஒன்று என்று எழுதியிருந்தார். வீட்டு மனுப் பட்டியலில் எல்லா எண்களோடும் எங்கள் வீட்டு எண்ணும் இருந்தது. அந்தப் பட்டியல் மேலே போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.

பிரதியைத் தோட்டத்துக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்பா வேலைக்குப் போகும் வழியில் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"இதுல நம்மளது எது?"

காட்டினேன்.

"ஒத்தையாவா?"

"ஆமாப்பா. ஆனா மனுப் பட்டியல்ல இருக்கு."

தேநீர் குடித்துக்கொண்டிருந்த லோரி அண்ணன் தலையை நீட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, எங்களையெல்லாம் விட்டுட்டு நீங்க மட்டும் தனித் தொகுதியா?"

"ஆமாலா" என்றார் அப்பா, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. "ஓட்டு வேணும்னா வீட்டுக்கு வந்து கேளு."