பாடகியின் கைப்பையில் போன பச்சை

எங்கள் கிசிமனியில் சவுமுவை அழ வைப்பது பெரிய காரியம் இல்லை. மொம்பாசாவிலிருந்து வரும் பேருந்து நேரத்துக்கு வந்தாலும் அழுவாள், வராவிட்டாலும் அழுவாள். அடுப்பு முன்னால் மட்டும் அழ மாட்டாள். கண்ணீர் விழுந்தால் எண்ணெய் தெறிக்கும். விடிவதற்குள் தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்த்து மாவு பிசைந்து, முக்கோணமாக வெட்டிப் பொரித்து, மஹம்ரி விற்பாள். கணவன் மீன் பிடிக்க லாமுவுக்குப் போனான். போன இடத்தில் இன்னொரு குடும்பம் அமைந்துவிட்டது. மகன் ஓமாரியையும் இரண்டு பெண்களையும் அந்த வாணலிதான் வளர்த்தது.

அந்த வாணலியைக் காப்பாற்றியது பச்சை. ஜனவரி பிறந்தால் ஊரிலுள்ள ஷில்லிங் எல்லாம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்குப் போய்விடும். கரி இருக்கும், தண்ணீர் இருக்கும், பசியும் இருக்கும். கைமாறுவதற்கு மட்டும் எதுவும் இருக்காது. அதனால் ஊரில் தொழில் செய்கிறவர்கள் சங்கமாகக் கூடி, பச்சைத் தாளில் எங்களுக்கென்று நோட்டு அச்சடித்துக்கொண்டோம். நான்கு பேர் ஜாமீன் நின்றால் ஒருவர் உறுப்பினராகலாம். உறுப்பினர்களுக்குள் எதை வாங்கவும் பச்சை செல்லும். கிசிமனியின் கடைசி வேலியைத் தாண்டினால் அது காகிதம். முதல் நோட்டைக் கை நீட்டி வாங்கியவள் சவுமு. அன்றும் அழுதாள்.

கரி விற்கும் மெஜுமாவும் உறுப்பினர்தான். சவுமுவின் மஹம்ரியில் மாவைவிடக் காற்று அதிகம் என்று ஒரு முறை சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சவுமு கரி மூட்டை மேல் பச்சையை வைப்பாள். மெஜுமா கரியை அளந்து கொட்டுவாள். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். வியாபாரம் தடைபட்டதே இல்லை.

அந்த ஜனவரியில், முடிவெட்டும் ஹமிசியின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பெண்கள் மட்டும் கூடும் மதிய விருந்துக்கு மலிந்தியிலிருந்து ஸைத்தூனி என்ற பாடகி வந்தாள். எங்கள் கரையோரத்துக் கல்யாணப் பாட்டுக்குத் 'தாரப்' என்று பெயர். தாரப் பாட்டில் யார் பெயரும் வராது. ஒரு வரி தன் எதிரிக்குப் பொருந்துகிறது என்று தோன்றினால், ஒருத்தி எழுந்து ஆடிக்கொண்டே போய்ப் பாடகியின் கையில் நோட்டை வைப்பாள். வைத்துவிட்டு எதிரியைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். பல வருஷச் சண்டையை வாய் திறக்காமல் போட்டு முடித்துவிடலாம்.

"என் வாசலை எட்டிப் பாக்குறவளே, உன் அடுப்புல கருகுது, போய்ப் பாரு" என்று ஸைத்தூனி பாடினாள்.

சவுமுவின் நெஞ்சு விம்மியது. இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். ஷில்லிங் இல்லை, பச்சை இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு ஆடியபடி போனாள். பாடகியின் கையில் வைத்தாள். மெஜுமாவைப் பார்த்தாள்.

மெஜுமா அதே வரிக்கு எழுந்து இரண்டு பச்சை வைத்தாள்.

"ஏன்டி, இந்தப் பாட்டு அவளுக்கா, உனக்கா?" என்று தையல்காரி தாத்து கேட்டாள்.

"அடுத்த வீட்ட எட்டிப் பாக்குறவ யாருன்னு ஊருக்கே தெரியும்க்கா" என்றாள் மெஜுமா.

அதற்குப் பிறகு யாருக்கும் நிதானம் இல்லை. மருமகள்கள் எழுந்தார்கள். அதைப் பார்த்து மாமியார்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன், அது எங்கள் வீட்டு விஷயம். ஸைத்தூனி தொழில் தெரிந்தவள். நோட்டு வரும்வரை அந்த ஒரு வரியைத்தான் பாடினாள். சாயங்காலம் உப்பிய கைப்பையுடன் பேருந்து ஏறினாள். கை தட்டி வழியனுப்பினோம்.

மறுநாள் கிசிமனியில் பணம் இல்லை.

சவுமுவின் கூடையில் மஹம்ரி ஆறிப்போயிற்று. அவள் கரி வாங்கவில்லை. கரி போகாததால் மெஜுமா தண்ணீர் வாங்கவில்லை. தண்ணீர் வண்டிக்காரர் சிவட்சி, சங்கத்தின் தலைவர், தாடி மழிக்கவில்லை. ஹமிசி கத்தியைத் தீட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். மாவுக்கடையில் சவுமுவுக்கு இனி கடன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் வாணலியை விற்க வேண்டியதுதான்.

சங்கம் கூடியது.

"இன்னொரு தடவ அச்சடிச்சுட்டா என்ன?" என்றான் ஹமிசி.

"அச்சடிக்கலாம்ப்பா. நாளைக்கு அந்தப் பையும் திரும்பி வந்துட்டா? ஒரு மஹம்ரிக்கு ரெண்டு பேரு நோட்ட நீட்டிக்கிட்டு நிப்பாங்க. யாருக்குக் குடுக்குறது?" என்றார் சிவட்சி.

"சரி பெரியவரே. உங்க தாடியப் பாத்து பயத்துல சொல்லிட்டேன்."

"முதல்ல எழுந்து போனது யாரு?" என்று சிவட்சி கேட்டார். கூட்டம் சவுமுவைப் பார்த்தது. சவுமு அழுதாள். "அடுத்தது?" மெஜுமா அழவில்லை. இருவரும் மலிந்திக்குப் போய்ப் பச்சையைக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. பேருந்துக்கான ஷில்லிங்கை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்தோம்.

வழி முழுவதும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேர்ந்தார்கள்.

ஸைத்தூனி கதவைத் திறந்தாள். யாரென்று தெரிந்ததும் முகம் சிவந்தது.

"வாங்கம்மா, வாங்க! அரிசிக் கடையில உங்க பச்சைய நீட்டினேன். பிள்ளைங்க விளையாட்டுச் சாமானான்னு கேட்டான். கடையே சிரிச்சுது. முடி நரைக்கிற வரைக்கும் பாடிட்டேன், இப்படி ஒரு அவமானம் பட்டதில்ல. அடுப்பு மூட்டத்தான் எடுத்து வச்சிருக்கேன்."

அடுப்புப் பக்கத்தில் கைப்பை இருந்தது. சவுமு ஓடிப் போய் அதற்கும் அடுப்புக்கும் நடுவில் விழுந்தாள்.

"எரிக்காதீங்கக்கா! அது காகிதம் இல்லக்கா! அதுல என் ஓமாரியோட சோறு இருக்கு! என் பொண்ணுங்களோட சோறு இருக்கு! எரிக்கிறதுன்னா என்னையும் சேத்து எரிச்சிடுங்க!"

"எழுந்திரு ஓமாரி அம்மா, சாம்பல் ஒட்டுது" என்றாள் மெஜுமா. பிறகு பாடகியிடம் திரும்பினாள். "அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பாட்டு யாரப் பத்தி?"

"என் நாத்தனாரப் பத்தி. ஏன்?"

சவுமுவும் மெஜுமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா தர மாட்டேன். தொண்டை கட்டப் பாடி வாங்கினது" என்றாள் ஸைத்தூனி.

சவுமு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா வேணாம்க்கா. எங்க ஊருக்கு வந்து செலவழிங்க. ஒவ்வொரு நோட்டுக்கும் வேல செய்ய ஆளு இருக்கு. ஒருத்தராவது வாங்க மாட்டேன்னு சொன்னா, அங்கயே எரிச்சிடுங்க."

ஸைத்தூனி வந்தாள், தன் தபலாக்காரனையும் கூட்டிக்கொண்டு. தாத்துவிடம் மூன்று உடை தைத்துக்கொண்டாள். சிவட்சியின் தண்ணீரில் காலையும் மாலையும் குளித்தாள். தபலாக்காரனுக்கு மொட்டையடித்து விட்டான் ஹமிசி. மெஜுமாவிடம் அவள் வாங்கிய கரி மூட்டைகள் மலிந்திப் பேருந்தின் கூரையில் ஏறின. தினமும் காலையில் சவுமுவின் கூடையிலிருந்து இரண்டு பேருக்கும் மஹம்ரி போயிற்று. கையை விட்டுப் போன நோட்டை எல்லாம் உழைத்துத் திரும்ப வாங்கினோம். பை இளைத்தது, ஊர் தெளிந்தது, மாவுக்கடையில் சவுமுவின் பாக்கி தீர்ந்தது.

அதற்குள் சங்கம் ஒரு விதி போட்டது: வெளியூர்ப் பாடகிக்குப் பச்சை வைக்கக் கூடாது. ஸைத்தூனி அதைக் கேள்விப்பட்டாள். காலிப் பையுடன் சிவட்சியிடம் போய், என்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள். விற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, பாட்டு என்றாள். தாத்துவும் ஹமிசியும் மெஜுமாவும் ஜாமீன் நின்றார்கள். நாலாவது ஆளாகச் சவுமுவைக் கூப்பிட்டார்கள். அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை.

"நிக்கிறேன்க்கா. ஆனா கல்யாணத்துல வாங்குற பச்சைய மறுநாளே ஊருக்குள்ள செலவழிச்சிடணும்."

"மறுநாள் எப்ப?"

"காலையிலயே. மஹம்ரி ஆறுறதுக்குள்ள."