கடனே கூடாது, ஆனால் கட்டணம் மாதத் தவணையில்

இன்று காலை அபுதாபி முசஃபாவில் பிள்ளைகளுக்கு ஓர் இலவச வகுப்பு. சேமிப்பது எப்படி, கடனில் மாட்டாமல் இருப்பது எப்படி என்று சொல்லித் தருவதாக வாட்ஸப்பில் வந்தது. நம்பி மகனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் மூச்சு விடாமல் பேசினார். "கையில காசு இல்லாம எதையும் வாங்கக் கூடாது. தவணையே ஒரு பொறி" என்று பிள்ளைகளை எழுப்பிச் சொல்லவைத்தார்.

கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். இது வெறும் அறிமுகமாம், முழுக் கோர்ஸுக்குக் கட்டணமாம். தொகையைக் கேட்டதும் சிலர் எழுந்து கிளம்பப் பார்த்தார்கள்.

"கவலைப்படாதீங்க. கார்டு இருந்தா மாசாமாசம் கட்டிக்கலாம்."

என் பக்கத்தில் ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், உடனே கார்டை எடுத்தார். அவர் மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வெயிட் அப்பா. இதுவும் இன்ஸ்டால்மென்ட்தானே?"

பயிற்சியாளர் சிரித்தார். "இது கடன் இல்ல கண்ணு. இன்வெஸ்ட்மென்ட்."

"கார் வாங்கும்போதும் ஷோரூம் அங்கிள் அதான் சொன்னாரு. அதனாலதான் இந்த வெக்கேஷனுக்கு நாங்க ஊருக்குப் போகல."

அந்த மனிதரின் முகம் சுருங்கிவிட்டது. கார்டைப் பையில் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்.

பயிற்சியாளருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "பாத்தீங்களா, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குத்தான் நம்ம கோர்ஸ் அவசியம்" என்றார். மற்ற பெற்றோர் தலையாட்டிக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

பாடம் புரிந்த ஒரே பிள்ளை சேராமலே போய்விட்டாள். உங்கள் ஏரியாவுக்கும் இந்தக் கோட்டுக்காரர் வந்துவிட்டாரா?