இருநூற்று இருபத்தாறும் நானும்

பஸ்ஸில் மணியடிக்க வெட்கப்பட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, சுவா சூ காங் கோழிப்பண்ணை வரை போய்த் திரும்பியவள் நான். மணியடித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே! யாரும் பார்க்க மாட்டார்கள் என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, அவர் தும்மினால் பஃபலோ ரோடு முழுக்கக் கேட்கும்.

அப்படிப்பட்ட நான் எண்பதுகளின் தொடக்கத்தில் ஜூரோங் தொழிற்பேட்டையில் ஒரு ஜப்பான் கம்பெனியில் ரேடியோவுக்குக் கம்பி பற்றவைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்த படிப்புக்கு அது போதும். காலையில் பாட்டுப் போட்டு எல்லாரையும் கையைக் காலை ஆட்ட வைப்பார்கள். பிறகு ஜப்பான்கார மேனேஜர் மேடையேறித் தத்துவம் பேசுவார். அவர் பேசுவது இங்கிலீஷ் என்று சொல்லிக்கொண்டார்கள். அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல எங்கள் சூப்பர்வைசர் அக்கா இருந்தார். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். குரல் கணீரென்று இருக்கும். பொறுமைதான் இருக்காது.

ஒரு நாள் மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பேசினார். ஒவ்வொரு சந்திப்பும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான். அதே ஆளை நாளைக்குப் பார்த்தாலும் அது வேறு சந்திப்பு. ஆகையால் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தாலும் இனிமேல் கொடுக்கவே போவதில்லை என்பது போலக் கொடுக்க வேண்டும். இதுதான் அவர் சொன்னது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு அக்கா சொன்னது இவ்வளவுதான்: "டீ டைம் முடிஞ்சு லேட்டா வரக்கூடாதாம்."

அவருடைய இன்னொரு தத்துவத்துக்குக் கைசென் என்று பெயர். தினமும் எதையாவது ஒரு துளி நல்லதாக்கு என்று அர்த்தம். அதற்காகக் கேன்டீன் வாசலில் பெரிய போர்டு ஒன்று வைத்தார்கள். எதை எப்படி நல்லதாக்கலாம் என்று ஆளுக்கு மாதம் இரண்டு சீட்டு எழுதிக் குத்தியே ஆக வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். பெயர் போடக் கூடாது, வேலை அட்டையின் எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் மனிதன் பயப்படுவான் என்று மேனேஜர் நினைத்தார். பெயர் தெரியாவிட்டால் மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்பது அவர் தத்துவத்தில் இல்லை.

இன்றைக்குக் கைப்பேசியில் முகம் தெரியாதவர்கள் அடித்துக்கொள்வதையும் கொஞ்சிக்கொள்வதையும் பார்த்து ஊரே வாயைப் பிளக்கிறது. எனக்கு ஒன்றும் அதிசயமில்லை. நாங்கள் அதையெல்லாம் குண்டூசியை வைத்தே செய்துவிட்டோம்.

என் முதல் சீட்டு இது: "ஸ்டூல் உயரம். கால் தரையில் எட்டவில்லை. கீழே ஒரு பலகை போட்டால் முதுகு வலிக்காது. 417."

மறுநாள் அதற்குக் கீழே இன்னொரு சீட்டு, குண்டு குண்டான தமிழ் எழுத்தில்: "பலகை எதற்கு? காலை வளர்க்கவும். எனக்கெல்லாம் நன்றாக எட்டுகிறது. 226."

யாராவது முகத்துக்கு நேரே இப்படிச் சொல்லியிருந்தால் கழிவறைக்கு ஓடிப்போய் அழுதிருப்பேன். காகிதம் என்பதால் உட்கார்ந்து எழுதினேன்: "நான் காலை வளர்க்கிறேன். நீ வாயைக் குறை. 417."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. கேன்டீன் மிளகாய்ச் சம்பாலில் காரமில்லை என்று நான் எழுதினால், "417-இன் நாக்கைக் கொஞ்சம் கிள்ளிப் போடலாம்" என்று பதில் வரும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் திரும்பினேன். போர்டில் ஒரு சீட்டு: "417-ஐக் காணோம். சண்டைக்கு ஆளில்லாமல் சோறு இறங்கவில்லை." பக்கத்திலிருந்த மலாய்ச் சீட்டைப் படிக்கிறவள் மாதிரி நின்று, அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன்.

226 உயரமான ஆம்பிளை என்றே நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், மீசைகூட வைத்துப் பார்த்திருக்கிறேன்.

போர்டிலேயே தமிழ்ப் பக்கம்தான் நிரம்பி வழிந்தது. மேனேஜருக்கு ஆனந்தம். என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவைக் கேட்பார். "இம்ப்ரூவ்மென்ட், சார். எல்லாம் இம்ப்ரூவ்மென்ட்," என்பார் அக்கா. அவரும் நம்பினார். ஸ்டூலுக்குப் பலகையும் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை காலை 417-உம் 226-உம் சேர்ந்து மேடையேறிப் பேச வேண்டும் என்று அறிவித்துவிட்டார்.

அக்கா என் தோளைத் தட்டினார். "நீதானம்மா அது? உன் நம்பர் எனக்குத் தெரியாதா? தலையை ஒழுங்கா சீவிட்டு வா."

"226 யாருக்கா?"

"பேக்கிங் செக்‌ஷன் ஆளு. எனக்கென்ன தெரியும்?"

சோறா, மீ நூடுல்ஸா என்று கேன்டீன்காரர் கேட்டால்கூட விரலைத்தான் நீட்டுவேன். இந்த ஊமைதான் அந்த 417 என்று மேடையில் தெரிந்துவிட்டால் 226 அப்புறம் எனக்கு எழுதுமா? நான் வாய் திறந்து பேசிய இடம் உலகத்திலேயே அந்தப் போர்டு ஒன்றுதான். அதுவும் போய்விடும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு, எம்சி என்கிற டாக்டர் லீவுச் சீட்டு வாங்க சிராங்கூன் ரோட்டில் இருந்த கம்பெனி கிளினிக்குக்குப் போனேன்.

"அட்டை நம்பர் என்னக்கா?" என்றாள் மருந்து கொடுக்கும் பெண்.

முந்தானைக்குள் சொன்னேன்.

"கேக்கல லா. சத்தமா சொல்லுங்க."

இன்னும் இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினேன்: "நானூத்தி பதினேழு!"

கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. பெஞ்சில் யாருக்கோ புரையேறியது. எங்கள் கம்பெனி நீலச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். பேக்கிங் பக்கம் பார்த்த முகம்தான். அவரும் அங்கே யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வயித்து வலியா?" என்றார்.

"ஆமா."

"எனக்கும் அதான்." என் பக்கம் சாய்ந்து, "கால் எட்டலன்னு எழுதுனது நீங்கதானே?"

கீழே பார்த்தேன். அவர் கால் இரண்டும் தரைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தன.

"உங்களுக்கும் எட்டலியே!"

"பேப்பர்ல எட்டும்," என்றார்.

காகிதத்தில் நீ, வா, போ. வாயைத் திறந்தால் நீங்க, வாங்க. மீசை போனதில் எனக்கு வருத்தமும் கொஞ்சம் இருந்தது. டாக்டர் இரண்டு பேருக்கும் ஒரே ரோஸ் கலர் மருந்தைக் கொடுத்தார். வாசலில் 226 தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு எழுதுவீங்களா?" என்றார்.

"நீங்க எழுதுனா."

புகழுக்கு முகம் காட்டாத பணிவு இருக்கிறதே, அதுதான் மிக உயர்ந்தது என்று மேனேஜர் அன்று மேடையில் உருகி உருகிப் பேசினாராம். அக்கா தமிழில் சொன்னாராம்: "ரெண்டு பேரும் எம்சி."

சனிக்கிழமை போர்டில் புதுச் சீட்டு இருந்தது: "கிளினிக் பெஞ்சும் உயரம். அங்கேயும் ஒரு பலகை கேட்கலாமா? 226." யாருமில்லாத நேரம் பார்த்துக் கீழே குத்தினேன்: "முதலில் நீ காலை வளர். 417."

டீ நேரத்தில் மேனேஜர் அதைக் காட்டி அக்காவிடம் என்னவென்று கேட்டார். அக்கா சீட்டைப் படித்தார். கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"வெரி குட் இம்ப்ரூவ்மென்ட், சார்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்: "வயிறு சரியாயிடுச்சாம்மா?"