மூன்றாவது ஜீப்பில் ஏறியவள்

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே எங்கள் தெருமுனைக்கு வந்துவிடும். என் மாமியார், நான் அத்தை என்று அழைப்பவர், அந்நாட்களில் அங்கே ஒரு நோட்டுடன் நிற்பார். எந்த ஜீப்பில் யார் ஏறினார்கள் என்று எழுதிக்கொள்வார். யாரும் அவரை நியமிக்கவில்லை. அவர் கணவர், என் மாமா, அந்த மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவர். ஒருமுறை அவருடைய வண்டி கவிழ்ந்தபோது, உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று தெரியாமல் தெரு முழுவதும் மாலைவரை அழுதது. மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது அன்றுதான். அதன்பிறகே அத்தை நோட்டு வாங்கினார்.

கிளம்புமுன் மாமாவைத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் சுக்குக் காபியை வைப்பார். மாமா விரட்டுவார்.

"வெரசா கெளம்பு. நீ தொடச்சு முடிக்கிறதுக்குள்ள ஜீப்பு மெட்டு ஏறிரும்."

"ஓட்டுறது நீங்களா என்ன, அம்புட்டு வெரசா ஏற?"

இருவரும் சிரிப்பார்கள். புதிதாக வந்த எனக்கு அந்தச் சிரிப்பு திகைப்பாக இருந்தது. என் மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின், ஜீப்புகள் போனதும் பேத்திக்குத் தலை பின்ன ஓடிவந்துவிடுவார். அந்த உரிமையை அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததே இல்லை.

நான் சமூகப்பணி படித்தவள். ஏழு மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை ஜீப்பில் ஏற்றக் கூடாது என்ற விதியை அத்தையிடம் வற்புறுத்தியவள் நானே. நால்வர் இடத்தில் எழுவர் நெருக்கியடித்து, அத்தனை வளைவுகளிலும் குலுங்கிப் போவதன் ஆபத்தை விளக்கினேன். அத்தை ஏற்றுக்கொண்டார். ஓட்டுநர்களும் தலையசைத்தார்கள்.

தோட்டத்து வழக்கம் ஒன்றை நான் எண்ணிப்பார்க்கவில்லை. காய் எடுக்கும் காலத்தில் ஒருத்தி வராவிட்டால் வேலை வாங்கும் கங்காணி அவள் இடத்தை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஆகவே அந்த வீட்டிலிருந்தே இன்னொருத்தி அதே பெயரில் போய்விடுவாள்.

ஒரு மழைக்காலக் காலையில், ஜீப்புகள் போன சற்று நேரத்தில் மலைப்பாதையில் மண் சரிந்ததாகச் செய்தி வந்தது. மேலே போனவர்களின் கைபேசி எதுவும் கிடைக்கவில்லை. தெரு அத்தையைச் சூழ்ந்துகொண்டது. அவர் பெயர்களை உரக்கப் படித்தார். மூன்றாவது ஜீப்பின் நான்காவது பெயரைப் படித்தபோது, அந்தப் பெயருக்குரியவள் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிரிலேயே நின்றாள்.

"நீ இங்க நிக்கிற. அப்ப ஏறுனது யாருடி?"

அவள் அழுதுவிட்டாள். "எங்கொழுந்தன் பொண்டாட்டிதான் பெரியம்மா. எடம் போயிருமேன்னு தலையோட போத்திக்கிட்டு ஏறிட்டா. தெரிஞ்சா நீங்க எறக்கி விட்ருவீகன்னு…"

கொழுந்தன் மனைவிக்கு எட்டு மாதம்.

அத்தை ஒரு சொல்லும் திட்டவில்லை. நேரே வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னார். மண் சரிந்தால் ஓட்டுநர்கள் எங்கே ஒதுங்குவார்கள் என்பது மாமாவுக்குத் தெரியும். படுத்தபடியே, மலை உச்சியில் சிக்னல் கிடைக்கும் மெட்டிலிருந்த டீக்கடைக்காரரைக் கைபேசியில் அழைத்தார். "மூணாவது ஜீப்புல புள்ளத்தாச்சி இருக்குப்பா. எறங்கி நடக்க விடாத, தாங்கிக் கூட்டிட்டு வா." கடைக்காரர் ஆட்களுடன் இறங்கிப் போனார். சரிவுக்கு மேலே நின்றிருந்த ஜீப்பில், இடுப்புவலியை வெளியே சொல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தாளாம். அன்று முழுவதும் கடைக்காரர் வீட்டில் படுத்திருந்துவிட்டு, பாதை திறந்ததும் பத்திரமாக இறங்கி வந்தாள்.

இனி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தபிறகே ஏற்ற வேண்டும் என்று அத்தையிடம் சொன்னேன்.

"முக்காட்ட வெலக்கிப் பாத்தா, நாளைக்கு வேற தெருவுல போயி ஏறுவா. அப்ப எனக்கு பேரும் தெரியாது, வயிறும் தெரியாது. போதும்த்தா உஞ்சட்டம்."

அந்தச் சொல் எனக்கு வலித்தது. அது நியாயம் என்பதும் தெரிந்தது. நான் தடுத்தது பயணத்தை அல்ல. அவள் உண்மை சொல்வதைத்தான்.

இரண்டு நாள் கழித்து, கவிழ்ந்த நாளிலிருந்து மலைப்பாதையையே மிதிக்காத அத்தை, மூன்றாவது ஜீப்பின் முன் இருக்கையில் ஏறி அமர்ந்தார். அன்று மாமாவின் முதுகை நான் துடைத்தேன். அவர் கண்கள் வாசலிலேயே இருந்தன. மாலையில் அத்தை வந்ததும் மாமா கேட்டார்.

"எத்தனாவது வளைவுல கண்ண மூடுன?"

"மொத வளைவுல மூடுனேன். கங்காணி கொரலக் கேட்டுத்தான் தொறந்தேன்."

"என்ன சொன்னான்?"

"காய்ச்சலோ பேறுகாலமோ, முடிஞ்சு வர்ற வரைக்கும் எடத்த வச்சிருக்கேன்னான். வாய்வார்த்தைதான். சும்மா விட்டேனா? அங்க நின்ன அம்புட்டுப் பொம்பளைக முன்னாடியும் இன்னொருக்கச் சொல்லுய்யான்னு சொல்ல வச்சேன்."

பின்னாட்களில் எல்லாக் கங்காணிகளும் வாக்குக் காத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் விடியலில் அந்த எட்டு மாதக்காரி முக்காடில்லாமல் தெருமுனைக்கு வந்தாள். ஜீப்பில் ஏறவில்லை. காய்ச்சல் தேறி ஏறியிருந்த ஓரகத்தியின் தூக்குவாளியை அவள் மடியில் வைத்துவிட்டு, வண்டி தெருவில் திரும்பி மறையும்வரை அத்தையின் பக்கத்தில் நின்றாள்.